ஒரு யானையா, அந்த யானையா?

அன்புடைய வாசகப் பெருமக்களே, அஸ்ஸலாமு அலைக்கும்.

சங்கரன்கோவிலிலிருந்து இராஜபாளையம் செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலை நீலக் கோடாகத் தெரியும் தொலைவில், கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. தாங்கள் அவ்வழியே பேருந்தில் சென்றிருக்கக்கூடும். நடத்துநர் 'கரிவலம்' என்று சுருக்கிக் கூவுவார். பால்வண்ணநாதர் ஆலயத்தாலும் தென்காசிப் பாண்டியரின் தமிழாலும் பெயர் பெற்ற அவ்வூரில் நான் சில ஆண்டுகள் ஆங்கில ஆசிரியனாகப் பணியாற்றினேன். இன்று தங்களிடம் பேச வந்த செய்தி அங்கே ஒரு வகுப்பறையில் தொடங்கியது.

ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்று ஒரு நாள் மாணவர்களிடம் கூறினேன். கரி என்றால் யானை; யானை வலம் வந்த நல்லூர். கரி என்பதை அடுப்புக்கரி என்று கொண்டு ஒரு சிறுவன் 'சார்க்கோல்' என்று எழுதிவிட்டான், வகுப்பே சிரித்தது. மற்றவர்கள் 'எலிஃபண்ட்' என்று மொட்டையாக எழுதியிருந்தார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும் எழுதாமல் எழுந்து நின்று, "சார், 'ஆன் எலிஃபண்ட்' என்று போடுவதா, 'தி எலிஃபண்ட்' என்று போடுவதா?" என்று கேட்டாள்.

எனக்குச் சட்டென்று விடை வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'ஆன்' என்றால் ஏதோ ஒரு யானை. 'தி' என்றால் இன்ன யானை என்று கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஊரின் தலபுராணம் கேட்டு வளர்ந்த முதியவருக்கு அது இந்திரனுடைய வெள்ளை யானை. அவரிடம் 'தி' என்றே கூறலாம். முதன்முறையாக ஊருக்கு வரும் வெளியூர் வியாபாரிக்கோ அது ஏதோ ஒரு யானை. அவரிடம் 'ஆன்' என்றே தொடங்க வேண்டும். ஆகவே, "நீ யாரிடம் சொல்லப் போகிறாய், அம்மா?" என்று அந்த மாணவியையே திருப்பிக் கேட்டேன். யோசித்துப் பார்த்தால், ஆர்ட்டிகிள் என்று இலக்கணப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கும் அந்தச் சிறு சொற்களின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கேட்பவர் மனத்தில் அந்தப் பொருள் முன்பே இருக்கிறதா, இல்லையா?

நம் மொழியில் ஆர்ட்டிகிள் இல்லை, அதனால் நமக்கு அது வராது என்று படித்தவர்களே கூறக் கேட்டிருக்கிறேன். இல்லை என்பது முழு உண்மையன்று. குர்பானி நெருங்கும் நாளில் நண்பர் ஒருவர், "ஆடு வாங்கினேன்" என்கிறார். எந்த ஆடு என்று தாங்கள் கேட்கமாட்டீர்கள். ஏதோ ஓர் ஆடு வாங்கியிருக்கிறார். அவரே, "ஆட்டை வாங்கிவிட்டேன்" என்று கூறினால்? முன்பு பார்த்து, பல் பிடித்து, விலை பேசி விட்டுவந்த அந்த ஆடு. ஆங்கிலேயர் சொல்லுக்கு முன்னே 'தி' என்று வைப்பதை நாம் சொல்லுக்குப் பின்னே 'ஐ' என்று வைக்கிறோம். இரண்டாம் வேற்றுமை உருபு எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் 'தி' வரும் என்று நான் சூத்திரம் வகுக்கவில்லை. அப்படி வகுத்தால் தவறாகும். அந்த வேறுபாட்டை உணரும் செவி நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது என்று மட்டும் கூறுகிறேன்.

'ஏ', 'ஆன்' என்னும் வேறுபாடும் அப்படித்தான். ஒரு வீடு, ஓர் ஊர் என்று எழுதத் தெரிந்தவனுக்கு அதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. ஆங்கிலச் சொல்லைக் காதால் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். 'அம்ப்ரெல்லா' உயிரெழுத்தில் தொடங்குகிறது; 'ஆன்'. 'யூனிவர்சிட்டி' உயிர்மெய்யில் தொடங்குகிறது, 'ஏ'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றே என்றாலும் ஒலி வேறு. மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' உயிரில் தொடங்குவதால் 'ஆன்'. எம்.எல்.ஏ.வுக்கும் 'ஆன்'. ஒரே ஓர் எச்சரிக்கை. நம் பேச்சுவழக்கில் எகரத்தை 'யெ' என்று இழுத்து, 'யெம்மெல்லே' என்போம். அந்தக் காதோடு எழுதினால் தவறிவிடும். அவ்வாறே ஒன்று என்னும் பொருள்படும் 'ஒன்' என்பதை ஆங்கிலேயர் வகர ஒலியோடு 'வன்' என்கின்றனர். ஆகவே ஒரு ரூபாய் நோட்டுக்கு 'ஏ' தான்.

இவையெல்லாம் தேர்வில் அரை மதிப்பெண்ணுக்குரிய நுணுக்கங்கள்தானே என்று தாங்கள் எண்ணலாம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன், ஒரு தந்தி வரும்வரை.

1980களில் என் வாப்பா நோயுற்று மதுரையில் ஒரு மருத்துவமனையில் இருந்தார்கள். தம்பி உடனிருந்தான். உம்மாவும் நானும் கரிவலத்தில். ஒரு மாலை, அஸர் தொழுது திரும்பியபோது தந்தி வந்தது. 'ஃபாதர் லிட்டில் இம்ப்ரூவ்மென்ட்'. மூன்றே சொற்கள்.

ஆங்கிலம் அறிந்த வாசகர்கள் இங்கேயே திடுக்கிட்டிருப்பார்கள். 'ஏ லிட்டில்' என்றால் சிறிது முன்னேற்றம் உண்டு. வெறும் 'லிட்டில்' என்றால் முன்னேற்றம் இல்லையென்றே கொள்ளத்தக்க அளவு குறைவு. முன்னது நம்பிக்கையின் மொழி. பின்னது கையை விரிப்பதன் மொழி. 'ஏ ஃபியூ', 'ஃபியூ' என்பவையும் இப்படித்தான். மதரஸா விழாவுக்கு 'ஏ ஃபியூ' பேர் வந்தார்கள் என்றால் சிலராவது வந்தார்கள் என்று மகிழ்கிறோம். 'ஃபியூ' பேர் வந்தார்கள் என்றால் வருந்துகிறோம்.

உம்மா, "என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார்கள். இலக்கணம் கற்பித்துப் பிழைப்பவன் நான். எழுதியிருந்தபடியே பொருள் கொண்டேன். "புறப்படுங்கள் உம்மா" என்று மட்டும் கூறினேன். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பேருந்து மாறி மாறிச் சென்ற அந்த இரவு முழுவதும் உம்மாவின் உதடுகள் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தன. விடியற்காலை அறைக்குள் நுழைந்தோம். வாப்பா தலையணையில் சாய்ந்தமர்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்! தம்பி சிரித்துக்கொண்டே, "தந்தி பார்த்து நிம்மதியா இருப்பீங்கன்னு நினைச்சேன், ஏன் ஓடி வந்தீங்க?" என்றான். தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டணம் அல்லவா? 'ஏ' என்பதும் ஒரு சொல்லே. அதை விட்டுவிட்டால் காசு மிச்சம் என்று எண்ணியிருக்கிறான்.

"அந்தச் சொல்லுக்கு எவ்வளவு காசு வாப்பா? நான் தந்திருப்பேனே" என்று உம்மா அவனிடம் கேட்டது இன்றும் என் காதில் ஒலிக்கிறது. தந்திச் சேவையையே 2013ஆம் ஆண்டு ஜூலையில் நாட்டில் மூடிவிட்டார்கள். இன்று கைப்பேசியில் செய்தி அனுப்புகிறோம். சொல்லுக்குக் காசு இல்லை. ஆயினும் அந்தச் சிறு சொற்களை நாம் இன்னும் மிச்சம் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

முஸ்லிம் இல்லங்களுக்கு இந்தச் சொல் அந்நியமே அன்று என்பதை இங்கே கூறியாக வேண்டும். தமிழில் 'ஐ' என்று மறைந்து நிற்பது அரபியில் 'அல்' என்று வெளிப்படையாகவே நிற்கிறது. இக்கட்டுரையின் தொடக்கத்தில் தங்களுக்கு நான் கூறிய சலாத்திலேயே அது இருக்கிறது. 'ஸலாம்' என்பதோடு 'அல்' சேர்ந்தே 'அஸ்ஸலாம்' ஆயிற்று. தும்மினால் கூறும் 'அல்ஹம்து' அதைக் கொண்டே தொடங்குகிறது. நம் பெயர்களைப் பாருங்கள்! அப்துல் காதர் என்பதில் 'அப்து' என்றால் அடியான். 'உல்' என்று ஒலிப்பது அந்த 'அல்'லே. அப்துர் ரஹ்மானிலும் அப்துஸ் ஸலாமிலும் லகரம் அடுத்த எழுத்தோடு கரைந்து ரகரமாகவும் ஸகரமாகவும் ஆகிவிட்டது. ஷம்சுத்தீன், நூருன்னிஸா எல்லாம் இவ்வகையே. அரபியின் 28 எழுத்துகளில் 14 இவ்வாறு லகரத்தை விழுங்கும். அவற்றைச் சூரிய எழுத்துகள் என்றும், விழுங்காத 14ஐச் சந்திர எழுத்துகள் என்றும் மதரஸாவில் பத்து வயதுப் பிள்ளை ஒப்பிக்கிறது. அந்தப் பிள்ளையே பள்ளிக்கூடத்தில் 'ஏ', 'ஆன்' ஒலி மாற்றத்தைக் கண்டு மிரளுவதேன்? காலையில் உஸ்தாது சொல்லித் தந்ததும் பிற்பகலில் ஆசிரியர் சொல்லித் தருவதும் ஒன்றே என்று யாரும் அதற்கு எடுத்துக் கூறவில்லை.

இன்னொன்று. 'மிஸ்டர் அப்துல்' என்று அழைக்கிறார்களே, அது பாதியில் நின்ற சொற்றொடர். 'ஐயா, அவனுடைய அடியானே' என்று தொடங்கி, எவனுடைய என்பதைச் சொல்லாமல் விடுவது போன்றது. பாஸ்போர்ட் படிவத்தில் 'அப்துல்' ஒரு கட்டத்திலும் 'காதர்' வேறொரு கட்டத்திலும் பிரிந்து விழுந்துவிட்டால், இறைவனின் திருநாமத்தை மட்டும் மனிதனின் குடும்பப் பெயராக்கிவிடுகிறோம். படிவம் நிரப்பும்போது பெற்றோர் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

திருமறையின் 24ஆம் அத்தியாயம் அந்நூர், 35ஆம் வசனத்தை ஓதியிருப்பீர்கள். அதில் விளக்கு முதன்முறை வரும்போது 'மிஸ்பாஹ்' என்று 'அல்' இன்றி வருகிறது. அடுத்த கணமே, நாம் அதை அறிந்துகொண்டுவிட்டோம் என்பதால், 'அல்மிஸ்பாஹ்' என்று வருகிறது. கண்ணாடியும் அவ்வாறே, முதலில் 'ஸுஜாஜா', பிறகு 'அஸ்ஸுஜாஜா'. முதன்முறை 'ஏ', மறுமுறை 'தி' என்று ஆங்கில இலக்கணம் கூறும் விதிக்கு இதனினும் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. 94ஆம் அத்தியாயத்தில் துன்பம் என்னும் சொல் இருமுறையும் 'அல்' பெற்று வருவதையும், எளிமை என்னும் சொல் இருமுறையும் 'அல்' பெறாது வருவதையும் விரிவுரையாளர்கள் சுட்டிக்காட்டுவர். 'அல்' பெற்றது ஒரே துன்பம். பெறாதவை வெவ்வேறான இரு எளிமைகள். மதுரைப் பேருந்தில் அன்றிரவு அமர்ந்திருந்த எனக்கு இது நினைவுக்கு வந்திருக்கக் கூடாதா?

என் வீட்டுத் தந்தி ஓரிரவோடு முடிந்தது. ஒரு 'தி' இல்லாததால் அரை நூற்றாண்டு கடந்தும் முடியாத வழக்கு ஒன்று உலகில் உண்டு. 1967 ஜூன் மாதப் போரில் இஸ்ரேல் மேற்குக் கரை, கிழக்கு ஜெரூசலம், காஸா, சினாய், கோலான் ஆகிய பகுதிகளைக் கைப்பற்றியது. அவ்வாண்டு நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 242ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றிற்று. பிரிட்டனின் சார்பில் லார்ட் காரடன் முன்வைத்த வரைவு அது. போரில் பிடித்த நிலப்பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்று அத்தீர்மானம் கூறுகிறது. ஆனால் ஆங்கில வாசகத்தில் 'டெரிட்டரீஸ்' என்னும் சொல்லுக்கு முன் 'தி' இல்லை. இருந்திருந்தால், பிடித்த அந்த நிலங்கள் அனைத்தும் என்று பொருள். இல்லாததால், சில நிலங்களிலிருந்து விலகினாலும் போதும் என்று இஸ்ரேல் தரப்பு வாதிட்டது. கை மறதியாக விடப்பட்டதன்று. தெரிந்தே விடப்பட்டது என்பதை வரைவில் பங்குகொண்டோரே பின்னாளில் கூறினர். அதற்கு இணையான பிரெஞ்சு வாசகத்திலோ அனைத்து நிலங்களும் என்று கொள்ள இடமுண்டு. போரினால் நிலத்தை உரிமையாக்கிக்கொள்வது ஏற்கத்தகாதது என்று அத்தீர்மானத்தின் முகவுரையே கூறுகிறது. ஆகவே அரபு நாடுகள் அனைத்தும் என்றே வாதிட்டன. அன்று ஐ.நா.வின் அலுவல் மொழிகளுள் அரபி இல்லை. 1973இல்தான் பொதுச்சபையில் இடம் பெற்றது. அன்றிருந்த ஐந்து அலுவல் மொழிகளுள் ரஷ்ய மொழிக்கும் சீன மொழிக்கும் நம்மைப் போலவே ஆர்ட்டிகிள் கிடையாது என்பது வேறு வேடிக்கை.

அந்த ஆண்டு பாதுகாப்புச் சபையில் இந்தியாவும் உறுப்பினர். இந்தியாவின் சார்பில் அங்கே அமர்ந்திருந்தவர் ஒரு தமிழர்: என். கோபாலசாமி அய்யங்காரின் புதல்வரும், இந்து நாளிதழில் பணியாற்றியவருமான ஜி. பார்த்தசாரதி. வாக்கெடுப்புக்கு முன் அவர் எழுந்து, பிடித்த நிலங்கள் அனைத்திலிருந்தும் முழுமையாக விலகுதல் என்றே இந்தியா இத்தீர்மானத்தைப் புரிந்துகொள்கிறது என்று பதிவு செய்தார். அனைத்தும் என்னும் சொல்லை ஒருமுறைக்கு இருமுறை அழுத்திக் கூறினார். தாளில் இல்லாத 'தி'யைத் தம் குரலால் அவர் வைக்க முயன்றார் என்றே எனக்குத் தோன்றுகிறது. சினாய் மட்டும் 1982க்குள் எகிப்துக்குத் திரும்பியது. பைத்துல் முகத்தஸின் கதையைத் தாங்கள் அறிவீர்கள். ஒரு சிறு சொல் எழுதப்பட்டிருந்தால் அனைத்தும் திரும்பியிருக்கும் என்று கூறும் பேதையல்லேன் நான். படைபலத்தின் முன் இலக்கணம் என்ன செய்யும்? ஆனால் வலியவனுக்குச் சாக்காவது கிடைத்திராது.

ஆர்ட்டிகிளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அதனினும் எனக்கு நேரடியாக வலித்த பாடம் ஒன்றை ஒப்புக்கொள்ளாமல் முடிப்பது நேர்மையாகாது.

என் மூத்த சகோதரியின் கணவர் வளைகுடாவில் ஒரு நிறுவனத்தின் பண்டகசாலையில் வேலை பார்த்தார். கணக்கில் மின்கம்பிச் சுருள்கள் குறைந்தன. மேற்பார்வையாளர்மீது மச்சானுக்குச் சந்தேகம். நிர்வாகமோ மச்சானையே கேட்டது. விளக்கக் கடிதத்தை என்னை எழுதித் தரச் சொன்னார். அப்போது நான் புதிதாக வேலையில் சேர்ந்த இளைஞன்; பெருமையோடு எழுதினேன். மேற்பார்வையாளர் எடுத்திருப்பார் என்று சந்தேகிக்கிறேன் என்பதற்கு, சந்தேகம் என்றவுடன் வாய்க்கு வரும் 'டவுட்' என்னும் சொல்லைப் போட்டேன். ஆங்கிலத்தில் ஒருவர் எடுத்தார் என்பதை 'டவுட்' செய்கிறேன் என்றால், அவர் எடுத்திருக்கமாட்டார் என்று கருதுகிறேன் என்று பொருள்! எடுத்திருப்பார் என்று கருதினால் 'சஸ்பெக்ட்' என்றே கூற வேண்டும். தமிழில் ஒரே சந்தேகம்; ஆங்கிலத்தில் எதிரெதிர்த் திசை நோக்கும் இரு சொற்கள். மச்சான் தம் கையெழுத்தாலேயே மேற்பார்வையாளரைக் குற்றமற்றவராக்கிவிட்டார். இரண்டு மாதச் சம்பளம் பிடிக்கப்பட்டது. சகோதரி என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பின்னரே ஒரே தமிழ்ச் சொல்லின்கீழ் ஒளிந்திருக்கும் ஆங்கிலச் சொற்களைத் தேடத் தொடங்கினேன். 'மறுத்தார்' என்கிறோம். சம்பளம் தர மறுத்தால் 'ரெஃப்யூஸ்'. தான் அப்படிச் செய்யவில்லை என்று மறுத்தால் 'டினை'. விண்ணப்பத்தை மறுத்தால் 'ரிஜெக்ட்'. 'நம்புகிறேன்' என்கிறோம். இறைவனை நம்புவது 'பிலீவ்'. நண்பனை நம்பிப் பணம் கொடுப்பது 'டிரஸ்ட்'. மழை வரும் என்று நம்புவது 'ஹோப்'. கடன் வாங்குவது 'பாரோ', கொடுப்பது 'லெண்ட்' என்பதை மாற்றி எழுதியவர்களின் விண்ணப்பங்களை நான் எத்தனையோ திருத்தியிருக்கிறேன். அகராதியில் தமிழ்ப் பொருளை மட்டும் பார்த்துச் சொல்லை எடுக்காதீர்கள்; அந்தச் சொல் வரும் ஒரு முழு வாக்கியத்தைப் பாருங்கள். அது யாரை நோக்கி நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

ஆங்கிலத்தில் மட்டும் இந்த நுணுக்கம் என்று மயங்க வேண்டியதில்லை. ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் இன்று ஒன்றாகவே எண்ணுகிறோம். தொல்காப்பியரோ கேட்பவன் தாழ்ந்தவனாயின் ஒன்று, ஒத்தவனாயின் ஒன்று, உயர்ந்தவனாயின் ஒன்று என்று பிரித்து வைத்தார். அரபியில் பத்தாம் நூற்றாண்டு அறிஞரான அபூ ஹிலால் அல்அஸ்கரீ, ஒன்றுபோல் தோன்றும் சொற்களின் வேறுபாடுகளுக்காகவே 'அல்ஃபுரூக்' என்று ஒரு நூல் எழுதினார். பாருங்கள், அவர் பெயரிலும் நூலின் பெயரிலும் அந்த 'அல்' நிற்கிறது.

மச்சான் ஓய்வு பெற்று ஊர் திரும்பிப் பல ஆண்டுகளாகின்றன. இன்றும் ஏதேனும் ஆங்கில மனு எழுத வேண்டியிருந்தால் என்னிடமே வருகிறார். அந்தப் பெருந்தன்மை அவருக்கு. எழுதி முடித்ததும் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தாளை மேலும் கீழும் பார்ப்பார். பிறகு மெல்லக் கேட்பார்:

"தம்பி, இதிலே 'டவுட்' எங்கேயும் இல்லையே?"